போள் வீடு வாங்கலாமா?

(ஆண்டு விழாவில் கட்டடக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



சங்கத்திற்குச் சொந்த இல்லம் வேண்டும் என்பது நம் நெடுநாளைய ஆவல். காலனியிலோ மனை விலை நம் நிதிக்கு எட்டுவதாக இல்லை. இந்நிலையில், அகமதாபாத் பழைய நகரின் போள் ஒன்றில் ஒரு வீடு விலைக்கு வருவதாகக் கேள்வியுற்றுக் குழுவினர் ஐவர் சென்று கண்டோம்.

முகப்பு குறுகியது; உள்ளே செல்லச் செல்ல நீண்டது. வாயிலில் ஓட்லோ, நம் திண்ணையேதான். நடுவே வானம் பார்த்த முற்றம். அதனடியில் கூரை மழைநீரைச் சேர்க்கும் டாங்கா. தூண்களின் தேக்குச் சிற்பங்களில் சற்று மயங்கித்தான் நின்றோம். மேல்தளத்து உத்திரமொன்றைத் தொட்டபோது மயக்கம் தெளிந்தது. கறையான் அரித்து மாவாய் உதிர்ந்தது.

இனிச் சட்டம். 2017இல் இப்பழைய நகர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. இந்தியாவில் அப்பெருமை பெற்ற முதல் நகரம் இதுவே. நாம் கண்ட வீடும் மாநகராட்சியின் பாரம்பரிய வீடுகளின் பட்டியலில் உள்ளது. ஆகவே, பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் இசைவின்றி இடிக்கவோ முகப்பை மாற்றவோ இயலாது. மையத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ள சின்னம் அருகில் இருப்பின், 1958ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு 2010இல் வந்த திருத்தப்படி, 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. பழுது பார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கப்பால் 200 மீட்டர் வரையிலும் கட்டுப்பாடு உண்டு. இதை அளந்து பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்கலாம்.

ஆயினும் நாங்கள் அஞ்சுவது இவ்விதிகளுக்கன்று, பத்திரத்திற்கே. தாத்தாவின் பெயரில் நிற்கும் வீட்டிற்குப் பங்காளிகள் எத்தனை பேர், அவர்கள் எந்தெந்த ஊரில் உள்ளனர் என்பது விற்பவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. கீழ்த்தளத்தில் பழைய வாடகைதாரர் ஒருவரும் இருக்கிறார். மேலும், 1991ஆம் ஆண்டுக் குஜராத் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட பகுதியாயின், சொத்தைக் கைமாற்ற ஆட்சியரின் முன் அனுமதியும் தேவை.

தரகர் ஒருவர் எளிய வழி சொன்னார்: "வாங்கிப் பூட்டிவிடுங்கள், இரண்டு மழைக்காலத்தில் தானே விழும், பிறகு விருப்பம்போல் கட்டலாம்." இருபுறமும் பொதுச் சுவர். நம் வீடு விழுந்தால் அண்டை வீட்டுக் குழந்தைகளின் மேலன்றோ விழும்! குழுவினர் ஒருமனதாக மறுத்துவிட்டோம்.

வாங்கினால் செப்பனிட்டே வாழ வேண்டும். செங்கல்லுக்கிடையே மரச்சட்டம் கோத்த கட்டடம் இது. 2001 சனவரி 26 நிலநடுக்கத்தில் இந்நகரின் புதிய கான்கிரீட் அடுக்குமாடிகள் பல சரிந்தன. இத்தகைய பழைய வீடுகள் பல நின்றன. இச்சுவருக்குச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கி மரத்தை உளுக்கச் செய்யும். சுண்ணாம்புக் காரையே ஏற்றது. அவ்வேலை அறிந்தவர்கள் அருகிவிட்டனர், கூலியும் மிகுதி.

பட்டியலில் உள்ள வீட்டைச் செப்பனிடுவோர், கட்டுமான உரிமையைச் சான்றாகப் பெற்று வேறிடத்தில் கட்டுவோருக்கு விற்கவும் விதி உண்டு. வராத பணத்தை வரவில் எழுதுதல் நம் பொருளாளருக்குப் பிடிக்காது. ஆகவே கணக்கில் அதனைச் சேர்க்கவில்லை.

பங்காளிகள் அனைவரும் கையொப்பமிட இசைந்தால் வாங்கலாம், இன்றேல் விட்டுவிடலாம் என்பது குழுவின் கருத்து. முடிவு பொதுக்குழுவினுடையது. வரும் ஞாயிறு காலை முதிய தச்சர் ஒருவர் உத்திரங்களைத் தட்டிப் பார்க்க வருகிறார். உறுப்பினர்களும் வந்து காணலாம். மேல்தளத்திற்கு மட்டும் ஒருவர் பின் ஒருவராக ஏறுமாறு வேண்டுகிறோம்.