காலை அறிக்கையில் ஒரு பெயர்

என் ஆசிரியர்கள் தலைமை தாங்கிய அவை இது. இன்று அந்த இருக்கை எனக்குக் கிடைத்திருக்கிறது. பெருமையோடு கொஞ்சம் அச்சமும் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டுப் போர்களில் அமெரிக்கத் தரைப்படையின் பங்கு என்பது நம் பொருள். 1918இன் ஆர்கோன் காடு, நார்மண்டி, கொரியா, வியட்நாம், 1991இன் நூறு மணி நேரத் தரைப்போர் எல்லாவற்றுக்கும் கட்டுரையாளர்கள் வந்திருக்கிறார்கள். அவற்றை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்கு ஒரு வழக்கு உண்டு.

இரண்டாம் உலகப் போரில் போர்முனைக் காலாட்படையினரில் 15 முதல் 25 சதவீதம் பேரே சுட்டார்கள் என்று அமெரிக்கப் படை வரலாற்றாசிரியர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1947இல் எழுதியது நீங்கள் அறிந்ததே. அந்தக் கணக்குக்கு ஆதாரம் எங்கே என்று வரலாற்றாசிரியர் ரோஜர் ஸ்பில்லர் 1988இல் கேட்டார். எஞ்சியிருக்கும் மார்ஷலின் குறிப்பேடுகளில் அப்படி எண்ணிய தடயமே இல்லை. ஆனாலும் நம் கட்டுரைகளில் அந்த எண் வந்துகொண்டே இருக்கிறது. முன்பொரு கூட்டத்தில் நான் மறுத்தபோது, “எண் தவறானாலும் கருத்து சரி” என்றார் ஒரு மூத்த அறிஞர். அவரிடம் நான் கற்றது நிறைய. இதை மட்டும் ஏற்க முடியவில்லை. அந்த எண் காலாட்படையின் குறைக்கான பழியைப் படைவீரன் தலையில் கட்டுகிறது. பழி சேரவேண்டிய இடம் வேறு.

அதற்குச் சான்று, நாம் தொடாமல் விட்ட காலை அறிக்கைகள். கம்பெனி எழுத்தர் நாள்தோறும் தட்டச்சு செய்த தாள்கள் அவை. பெயர், படை எண், பதவி, கூடவே ஒரு வரி: பணியிலிருந்து மருத்துவமனைக்கு, காணவில்லை, போரில் இறந்தார். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத் தீயில் 160 முதல் 180 லட்சம் பணிக்கோப்புகள் அழிந்தன. அவற்றில் இருந்த விவரங்களை மீட்க இன்று உதவுபவற்றில் இந்த அறிக்கைகளும் உண்டு.

1944 நவம்பரில் ஹூர்ட்கன் காட்டில் 28ஆவது டிவிஷன் இரண்டே வாரத்தில் 6,000 பேருக்கு மேல் இழந்தது. அப்படி அடிபட்ட கம்பெனிகளின் தாள்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ‘வந்து சேர்ந்தார்’ என்ற வரிக்கும் ‘இறந்தார்’ என்ற வரிக்கும் நடுவே சில நாள்களே இருக்கும் பெயர்கள் வரும். பக்கத்துக் குழியில் இருந்தவனுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்குமா?

இந்த நிலைக்குக் காரணம் உண்டு: அந்தப் போருக்கு ஏறத்தாழ 90 டிவிஷன்கள் போதும் என்று வாஷிங்டன் முடிவு செய்தது. ஒன்றை ஓய்வுக்கு அனுப்ப இன்னொன்று கையில் இல்லை. அதனால் டிவிஷனைக் களத்திலேயே நிறுத்தி, முகம் தெரியாதவர்களைத் தனித்தனியாக அனுப்பி நிரப்பினார்கள். வியட்நாமிலும் ஓராண்டுப் பணி என்ற பெயரில் ஆள்கள் தனித்தனியாகவே வந்து போனார்கள். என் முடிவு இதுதான்: அமெரிக்கக் காலாட்படையின் குறை வீரனின் துணிவில் இல்லை, அவனை அனுப்பிய முறையில் இருந்தது.

இந்த அமர்வுகளில் மார்ஷலின் எண்ணை யாரும் சான்றாகக் காட்ட வேண்டாம் என்று தலைவர் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு கம்பெனியின் ஒரு மாதக் காலை அறிக்கைகளையாவது படித்துவிட்டு அடுத்த கருத்தரங்குக்கு வாருங்கள்.