வீட்டுத் திரையில் திரைப்படம்

விற்பனைக் கூடத்தின் பேரொளியில் அயற்பெட்டிகளை வெல்லும்பொருட்டு நீலமும் மிகையொளியும் ஏற்றப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டி, இல்லம் புகுந்த பின்னரும் பெரும்பாலும் அவ்வண்ணமே ஒளிர்கின்றது. படத்தை ஆக்கியோர் வீட்டுப் பதிப்புக்கு வர்ணஞ் சீர்செய்வதோ மங்கிய அறையில், ஏறத்தாழ 6500 கெல்வின் வெண்மையை அளவாகக் கொண்டேயாம். ஆதலின், ‘சினிமா’ என்றோ, 2019இல் அறிவிக்கப்பட்ட ‘ஃபில்ம்மேக்கர்’ என்றோ உள்ள முறையைத் தெரிதல் வேண்டும். முதலிற் படம் மஞ்சளித்தாற்போலத் தோன்றும்; கண் விரைவிற் பழகிவிடும்.

செக்கனுக்கு 24 சட்டங்களாய்ப் பிடிக்கப்பட்ட படத்தினிடையே, இல்லாத சட்டங்களைப் பெட்டியே கற்பித்துச் செருகும் வசதியொன்றுண்டு. காற்பந்தாட்டத்துக்கு அது தகும். திரைப்படத்தையோ மலிவான தொடர்நாடகமாக்கிவிடும். 2018 டிசெம்பரில் நடிகர் டொம் குரூஸும் நெறியாளர் கிறிஸ்தோபர் மக்குவாரியும் அதனை நிறுத்துமாறு பார்வையாளரை வேண்டினர். கூர்மையையும் குறைத்தல் நன்று. மிகுந்தால் உருவங்களின் விளிம்பில் வெண்கோடு படரும். சாளரச் சீலையை மூடுதற்குச் செலவேதுமில்லை.