அம்மாவுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

(திருவருகைக்காலத்தில் வானொலியில் வழங்கிய மறையுரை)



கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிவிட்டது. இந்த நாள்களில் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "ஃபாதர், அப்பா இறந்த பிறகு அம்மா ஊரில் தனியாகத்தான் இருக்கிறார்கள். விழாவுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்? எதைக் கேட்டாலும் 'ஒண்ணும் வேண்டாம்ப்பா' என்றே சொல்கிறார்கள்." கடைசியில் ஒரு சேலை வாங்குகிறார்கள். அது பீரோவில் ஏற்கெனவே இருக்கும் பத்துச் சேலைகளோடு பதினோராவது சேலையாகப் போய் அமர்ந்துகொள்கிறது.

இந்தக் கேள்விக்கு அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரத்தில் அழகான விடை இருக்கிறது. சூனேம் என்ற ஊரில் வசதியான ஒரு பெண் வாழ்ந்தார். இறைவாக்கினர் எலிசா அந்த வழியாக அடிக்கடி போவதும் வருவதும் அவர் கண்ணில் பட்டது. தம் கணவரிடம் பேசி, வீட்டு மாடியில் ஒரு சிறிய அறை கட்டச் செய்தார். அதில் நான்கு பொருள்களை வைத்தார். ஒரு படுக்கை, ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. வசதி படைத்த அவரால் பொன்னும் பட்டும் கொடுத்திருக்க முடியும். ஆனால் அந்த மனிதர் எப்படி வாழ்கிறார் என்று பார்த்தார். பார்த்ததற்கு ஏற்பக் கொடுத்தார். இந்த நான்கு பொருள்களையும் கையில் எடுத்துக்கொண்டு, தனியாக வாழும் நம் தாயின் வீட்டுக்குள், தந்தையின் வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம்.

முதலாவது, படுக்கை. முதியவர்களுக்கு இரவுதான் நீளமானது. இரண்டு மூன்று முறை எழுந்து குளியலறைக்குப் போக வேண்டியிருக்கும். கட்டிலில் அமர்ந்தால் இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் படிகின்றனவா என்று பாருங்கள். கட்டிலிலிருந்து குளியலறை வரை இரவு முழுவதும் எரியும் சிறிய விளக்கு ஒன்று போடுங்கள். கழிப்பறைச் சுவரில் பிடித்து எழுவதற்குக் கம்பி பொருத்துங்கள். வழுக்காத ரப்பர் விரிப்பு, அமர்ந்து குளிக்க ஒரு ஸ்டூல், வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள், இவையெல்லாம் ஒரு பட்டுச்சேலையின் விலைகூட வராது. முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது, படுத்தபடுக்கையாய்க் கிடக்கும் பலர் என்னிடம் சொல்லும் கதை ஒன்றுதான்: "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சாமி." அந்தக் கம்பியை விழுந்த பிறகு பொருத்துகிறோம். அதை விழுவதற்கு முன்பே பொருத்துவதுதான் பரிசு.

இரண்டாவது, மேசை. துணையை இழந்தவர்களிடம் முதலில் குறைவது சாப்பாடு. "ஒருத்திக்காக எதுக்கு உலை வைக்கணும்?" என்று ஒரு டம்ளர் டீயும் இரண்டு ரஸ்க்கும் இரவு உணவாகிவிடுகின்றன. எட்டுப் பேருக்குச் சமைத்த பாத்திரங்கள்தான் அந்த அடுப்படியில் இருக்கின்றன. ஒருவருக்கு அளவான சிறிய குக்கர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்க எழுபது வயதில் யாரால் முடியும்? கேனின் வாயில் பொருத்தும் சிறிய பம்ப் கடையில் கிடைக்கிறது. வாரத்தின் ஏழு நாளுக்கும் காலை, மதியம், இரவு எனப் பிரித்த மாத்திரைப் பெட்டி ஒன்றும் வாங்குங்கள். எந்த மாத்திரை எப்போது என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதன் கீழே மருத்துவர், பக்கத்து வீட்டார், பங்கு அலுவலகம், முதியோர் உதவி எண் 14567 ஆகியவற்றையும் எழுதுங்கள்.

தனியாக இருக்கும் தந்தையரை நாம் மறந்துவிடுகிறோம். ஐம்பது ஆண்டுகள் மனைவி பரிமாறச் சாப்பிட்டவர். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றே தெரியாது. அவரிடம் போய்ச் சமையற்காரியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், இரண்டு நாள் கூட இருந்து சோறு வடிக்கவும், ஒரு ரசம் வைக்கவும் சொல்லிக் கொடுங்கள். தன் கையால் வைத்த ரசத்தை ஊற்றிச் சாப்பிடும் தந்தை தலைநிமிர்ந்து உட்காருவார்.

மூன்றாவது, நாற்காலி. தாழ்வான சோபாவில் அமர்ந்தால் எழ முடியாது. கை வைத்த உயரமான நாற்காலி அவர்களுக்கு வேண்டும். ஆனால் ஒரு நாற்காலி போதாது, இரண்டு வேண்டும். இரண்டாவது நாற்காலி, எதிரே அமர்ந்து பேசுபவருக்கு. வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகளே, தினமும் வந்து அமர உங்களால் முடியாது. ஆனால் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். இரவு ஏழரை என்றால் ஏழரை. அந்த அழைப்பை அம்மா எடுக்கவில்லையென்றால், மாற்றுச் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் உடனே போய்க் கதவைத் தட்ட வேண்டும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இந்த விழாவுக்கு ஒரு பரிசு கொடுங்கள். உங்கள் கடமையில் பாதியை அவர்தான் செய்கிறார். புதிய செல்போன் வாங்கிக் கொடுத்தால், பொறுமையோடு பத்து முறை சொல்லித்தர ஒரு பேரப்பிள்ளையையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் அதுவும் பீரோவுக்குள் போய்விடும்.

நான்காவது, விளக்கு. கரண்ட் போனதும் தானாக எரியும் பல்பு ஒன்றை முன்னறையில் மாட்டுங்கள். பெரிய எழுத்தில் அச்சான திருவிவிலியம் ஒன்று வாங்குங்கள். இவற்றோடு இன்னொரு வெளிச்சமும் தேவைப்படுகிறது. இறந்துபோன அப்பாவைப் பற்றிப் பேசினால் அம்மா அழுவார்கள் என்று பிள்ளைகள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. ஆனால் அந்தத் தாய் காத்திருப்பது, யாராவது அவர் பெயரைச் சொல்லமாட்டார்களா என்றுதான். பெற்றோரின் திருமண நாளை நினைவில் வைத்து அன்று திருப்பலி ஒப்புக்கொடுங்கள். கல்லறைத் திருநாளில் கையைப் பிடித்துக் கல்லறைக்கு அழைத்துப் போங்கள். "அப்பாவை முதன்முதலா எங்கேம்மா பார்த்தீங்க?" என்று கேளுங்கள். அழுவார்கள்தான். ஆனால் உங்கள் தோளில் சாய்ந்து அழுவார்கள். தனியாகத் தலையணையில் அல்ல.

சூனேம் பெண்ணின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. எலிசா தமக்குச் செய்த உபகாரத்துக்குக் கைம்மாறு செய்ய விரும்பினார். அரசரிடமோ படைத்தலைவரிடமோ உனக்காகப் பேசட்டுமா என்று கேட்கச் செய்தார். அந்தப் பெண்ணோ, என் சொந்த மக்களிடையே நான் வாழ்கிறேனே என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டார். எலிசா அவரை வற்புறுத்தவில்லை. நம் தாய்மாரும் இதையே சொல்கிறார்கள். "இங்க என் சனங்க இருக்காங்க, என் கோவில் இருக்கு. உங்க பிளாட்டுல வந்து நான் யாரோட பேசுறது?" இந்தப் பதிலைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்காமலே வீட்டுக்குள் கேமரா மாட்டுவது, கேட்காமலே பழைய மரப்பெட்டியைத் தூக்கிப் போடுவது, கேட்காமலே வீட்டை விற்க ஆள் பார்ப்பது, இவையெல்லாம் அன்பால் செய்யப்பட்டாலும் பரிசாகா. முதலில் கேளுங்கள். கேட்பதே அவர்களை இன்னும் வீட்டின் தலைவராக மதிப்பது.

கடைசியாக, நம் ஆண்டவர் சொன்ன கடுமையான ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் 'கொர்பான்' என்ற சொல் வருகிறது. கடவுளுக்கென்று ஒதுக்கப்பட்ட காணிக்கை என்பது அதன் பொருள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்' என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை, கடவுளின் கட்டளையையே பொருளற்றதாக்குகிறீர்கள் என்று இயேசு கண்டித்தார். திருவிழாவுக்குப் பெரும் நன்கொடை எழுதும் அன்பர்களே, உங்கள் தாயின் வீட்டில் பீஸ் போன பல்பு மாற்றப்படாமல் கிடந்தால், அதை முதலில் மாற்றிவிட்டு வாருங்கள். கோவில் காத்திருக்கும். ஒரு பங்குத்தந்தையாக இதை மனமாரச் சொல்கிறேன்.

பிள்ளைகளே இல்லாதவர்களும், இருந்தும் இல்லாதவர்களும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் நம் அன்பியங்களின் பொறுப்பு. திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளை ஏற்படுத்தி, ஆண்டுதோறும் ஜூலை நான்காம் ஞாயிறன்று கொண்டாடச் செய்தார். அந்த ஒரு நாள் நல்லதுதான். மீதி நாள்களில் தண்ணீர் கேனைத் தூக்கி வைக்க ஓர் இளைஞன் வேண்டும். இளையோரே, உங்கள் தெருவில் அப்படி ஒரு வீட்டை இந்த வாரமே தேர்ந்துகொள்ளுங்கள்.

அன்பார்ந்தவர்களே, லூக்கா நற்செய்தியில் நாம் சந்திக்கும் அன்னா, எண்பத்து நான்கு வயதுக் கைம்பெண். குழந்தை இயேசுவைக் கண்டு, எருசலேமின் மீட்புக்காகக் காத்திருந்தவர்களிடமெல்லாம் அவரைப் பற்றிப் பேசியவர் அவர். தனியாக வாழும் முதியவரிடம் நமக்குத் தருவதற்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. இந்த முறை ஊருக்குப் போகும்போது, பையைத் திறப்பதற்கு முன் அரை நாள் சும்மா அந்த வீட்டில் இருந்து பாருங்கள். அவர்கள் எப்படி எழுகிறார்கள், எதைப் பிடித்து நடக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். என்ன பரிசு வாங்க வேண்டும் என்பதை அந்த வீடே சொல்லும்.

செபிப்போம். அன்புத் தந்தையே, துணையை இழந்து தனியே வாழும் எங்கள் பெற்றோரை உம் கரத்தில் ஒப்படைக்கிறோம். அவர்களுடைய தேவையைப் பார்க்கும் கண்களையும், கேட்கும் பொறுமையையும் பிள்ளைகளாகிய எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.