திறையும் காணிக்கையும்



சவ்வாது மலையின் அடிவாரத்தில், ஆடிக் கார்த்திகைத் திருவிழாவின் இந்நன்னாளில், புகழ்ச்சோழ நாயனாரைச் சிந்திக்கப் பணிக்கப்பட்டுள்ளோம். இன்று அவருடைய குருபூசைத் திருநாள். அவர் வரலாறு, ஒரு மன்னர் திறை வாங்கச் சென்ற வரலாறு. ஆகவே, திறையின் இயல்பை முதற்கண் காண்போம்.

வென்றவனுக்குத் தோற்றவனும், பெருவேந்தனுக்குச் சிற்றரசனும் செலுத்தும் பொருளே திறை. தானே வந்தடைவது, சுங்கமாய் வருவது, பகைவர் செலுத்துவது என அரசன் பொருளை மூவகையாக்கினார் திருவள்ளுவர். எனவே, திறை வாங்குதல் அரச நீதிக்குப் புறம்பானதன்று. கட்டியவனுக்குக் காவல்; கட்டாதவன்மேல் படை. இதுவே பண்டை உலகின் வழக்கு.

எல்லாத் திறையும் ஒரு தன்மைத்தன்று. முதற் குலோத்துங்க சோழன் 1077-ஆம் ஆண்டில் 72 பேர் கொண்ட தூதுக்குழுவைச் சீனத்துக்கு அனுப்பினான். அவர்கள் கொண்டு சென்றதைச் சீன அரசவை திறையென்றே ஏட்டில் பதிந்தது. ஆனால் 81,800 சரம் செப்புக்காசுகளைக் கைம்மாறாக அளித்தது. பெயர் திறை; உள்ளுறை வாணிகம்! அதே குலோத்துங்கன், கலிங்க வேந்தன் இருமுறை திறை கொணரவில்லை எனக் கேட்டுக் கருணாகரத் தொண்டைமானைப் படையோடு ஏவினான். அப்போரின் வெற்றியைப் பாடியதே சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. கடல் கடந்து நட்பாய்ச் சென்றதும் திறை. கரை கடந்து குருதியாய் ஓடியதும் திறை.

அவன் பேரனாகிய இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் திருத்தொண்டர் புராணம் அருளினார் சேக்கிழார் பெருமான். அவர் அமைச்சராய் இருந்தவர். அரண்மனை முற்றத்தில் குவியும் பொருளின் மறுபக்கத்தை அறிந்தவர். அவர் காட்டும் புகழ்ச்சோழரைக் காணுங்கள்.

உறையூரில் ஆண்ட அப்பெருமான், கொங்கு நாட்டாரும் மேற்றிசை மன்னரும் செலுத்தும் திறையைக் கொள்ளக் கருவூரில் வந்து தங்கினார். பொன்னும் மணியும் யானையும் பரியும் வந்து குவிந்தன. “திறை கொணராதவர் உளரோ?” என அமைச்சரை வினவினார். “அதிகன் ஒருவன் உளன், மலையரணில் இருக்கின்றான்” என்றனர். அதிகன் என்னும் பெயர், இங்கிருந்து அணித்தேயுள்ள தகடூரை ஆண்ட அதியர் குடியை நமக்கு நினைப்பிக்கின்றது. “அவ்வரணை அழித்து வருக” என்பது ஆணை. படை சென்றது, அரண் வீழ்ந்தது, அதிகன் காட்டில் ஓடி மறைந்தான். வென்ற படையினர் பெரும்பொருளையும், வெட்டுண்ட தலைகளின் குவியலையும் மன்னர் திருமுன் கொணர்ந்தனர்.

அக்குவியலிலே ஒரு தலையில் சடை தெரிந்தது. மன்னர் நடுங்கினார், கண்ணீர் பெருக்கினார். “சைவ நெறியைக் காப்பவன் நான் என்பது எத்துணை அழகு!” எனத் தம்மையே நொந்தார். மைந்தனுக்கு முடிசூட்டுமாறு அமைச்சரைப் பணித்தார். திருநீறு அணிந்து, அச்சடைத்தலையைப் பொற்கலத்தில் ஏந்தி, ஐந்தெழுத்தை ஓதியவாறு தீயினுட் புகுந்தார்.

அன்பர்களே! அவர் பிறர்மேல் பழி சொல்லியிருக்கலாகாதா? தலை கொய்தவன் ஒரு வீரன். படை நடத்தியவர் பிறர். திறை மறுத்தவன் அதிகன். அத்தனையும் உண்மை. ஆயினும், “ஆணை என்னுடையது” என்றார் அவர் தம் நெஞ்சில். நம்மைத் தீப்புகச் சொல்லவில்லை இவ்வரலாறு. குவியலைக் கண்டு மகிழாதே, அதனுள் யார் கிடக்கின்றார் என்று பார் என்கின்றது.

இச்செங்கம் பகுதியிலே, வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் பல்லவர் காலத்து நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போரிட்டு மாண்ட எளிய வீரர்களின் பெயர்களை அவை சுமக்கின்றன. வேந்தரின் கருவூலங்கள் போன இடம் தெரியவில்லை. ஊரைக் காத்தவன் கல் நிற்கின்றது!

இதனை இன்று ஏன் கூறுகின்றோம்? பல்லாண்டுகட்கு முன் ஓர் ஊர்த் திருவிழாவில் பேசச் சென்றிருந்தோம். தலைக்கட்டு வரி செலுத்த இயலாத ஒரு குடும்பம் பந்தலுக்கு வெளியே நின்றது. அவ்வீட்டுச் சிறுமி கையில் ஒரு தேங்காய். அதை வாங்குவார் இல்லை. யாமோ மாலை ஏற்றோம்; அடியார் பெருமை பேசினோம்; விருந்தும் உண்டோம்; ஒரு சொல் கேட்டோமில்லை. அந்தப் பிழை இன்றும் எம் நெஞ்சில் உள்ளது.

திறை என்பது அச்சத்தால் கொடுப்பது. காணிக்கை அன்பால் கொடுப்பது. திறையில் அளவு உண்டு, தவணை உண்டு, தண்டனை உண்டு. காணிக்கையில் இவை இல்லை. மலைமேலிருந்து ஒருவர் கொணரும் ஒரு படிச் சாமையும் ஒரு கலயம் தேனும் இறைவனுக்குப் பொற்குவியலே. வரி தண்டுதல் தவறென்றோமில்லை. விளக்குக்கு எண்ணெயும் தேருக்கு வடமும் வேண்டும். இயன்றவர் கொடுக்கட்டும். இயலாதவர் முன்வரிசையில் நின்று தொழட்டும். இறைவனின் வாயிலில் திறை கேட்பதற்கு நாம் யார்?

கருவூரில் ஒரு மன்னர் கண்ட சடைத்தலை நம் கண்ணிலும் படுவதாக! நம் வாயிலில் எவர் நின்றாலும் அவரை உள்ளே அழைக்கும் உள்ளத்தை அம்மையப்பர் அருள்வாராக!

திருச்சிற்றம்பலம்.