வளைகாப்புக்கு ஒரு துணி கேக்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



உள்ளே வந்ததும் இந்தத் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்குப் பொறந்த நாள்?" என்று பாதிப் பேர் கேட்டுட்டீங்க. இது சாப்பிடுற கேக் இல்லைங்க. உள்ளே இருப்பது பழைய வேட்டித் துணி.

அமெரிக்காவில் பிள்ளை பிறக்கும் முன்னால் நம்ம வளைகாப்பு மாதிரி ஒரு விருந்து வைப்பார்கள். அதற்குப் பேர் பேபி ஷவர். கடையில் விற்கிற டயபர்களைச் சுருட்டி, மூன்று அடுக்காக நிற்க வைத்து, ரிப்பன் கட்டி பரிசாகக் கொடுப்பது அங்கே வழக்கம். அதை டயபர் கேக் என்கிறார்கள். பிரித்தால் எல்லாமே பிள்ளைக்கு ஆகும். இந்த யோசனை எங்களுக்குப் பிடித்தது. டயபர்தான் இடித்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பச்சைப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது துணி மாற்றணும். 60 டயபர் வைத்துக் கேக் செய்தால் எட்டு நாள்கூட வராது. ஒன்று 8 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,920 ரூபாய். நம்மில் எத்தனை பேர் மாதம் அவ்வளவு சேமிக்கிறோம்? அது மக்கவும் மக்காது. வாய்க்காலில் போட்டால் ஊறி அடைத்துக்கொள்ளும். பயணத்துக்கு, ஆஸ்பத்திரிக்குப் போக நாலைந்து வாங்கி வைப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. தினப்படிக்குத் துணிதான் கட்டுப்படியாகும்.

அதோடு, பிறக்கும் முன்னால் பிள்ளைக்குப் புதுசு வாங்கக் கூடாது என்று நிறைய வீடுகளில் இருக்கு. பழைய வேட்டிக்கு அந்தத் தடையும் இல்லை. எதுவுமே முன்னாடி கொடுக்கக் கூடாது என்கிற வீடாக இருந்தால், மாமியாரிடம் வாதாட வேண்டாம். பேர் வைக்கிற அன்றைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இனி செய்முறை. எட்டு முழ வேட்டி இரண்டு வேண்டும். பருத்தியாக, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனதாக இருக்கணும். பாலியஸ்டர் கலந்தது ஈரத்தை உறிஞ்சாது. முதலில் இரண்டு பக்கக் கரையையும் வெட்டி எடுங்கள், ஜரிகை பிள்ளையின் தோலை உரசும். மீதி அகலம் சுமார் 48 அங்குலம் வரும். நீளம் 12 அடி. 24 அங்குலச் சதுரமாக வெட்டினால் ஒரு வேட்டிக்கு 12 துணி, இரண்டுக்கு 24. நூல் பிரியாமல் ஓரம் அடித்து விடுங்கள்.

ஒவ்வொரு சதுரத்தையும் நாலாக மடித்து, மறுபடி ஒரு மடிப்பு மடித்தால் ஆறு அங்குல அகலப் பட்டை கிடைக்கும். அதை இறுக்கமாகச் சுருட்டி, பருத்தி நாடாவால் கட்டுங்கள். ஒரு சின்னத் தேங்காய்ப்பூத் துண்டையும் அதே உயரத்துக்குச் சுருட்டி நடுவில் நிறுத்துங்கள். அதைச் சுற்றி 14 சுருள் வைத்தால் அடி அடுக்கு. அதன்மேல் நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. உச்சியில் மூன்று. சாயாமல் இருக்க, நீள நாடாவை அடியிலிருந்து உச்சி வரை குறுக்காகக் கட்டி முடிச்சுப் போடுங்கள். மேலே ஒரு முழம் பூ வைத்தால் போதும்.

எங்கேயும் ஊக்கோ குண்டூசியோ குத்தவே குத்தாதீங்க. பிரிக்கிற அவசரத்தில் ஒன்று தங்கிவிட்டால் பிள்ளை உடம்பில்தான் ஏறும். மணி, பொத்தான், சிமிக்கியும் வேண்டாம். வெளிநாட்டில் நடுவில் பால் புட்டியை வைப்பார்கள், நாம் வைக்கக் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். புட்டியையும் பால்மாவையும் விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் தடுத்திருக்கிறது.

இன்னொன்று. பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த வேட்டி என்றால் மிகவும் கவனம். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இரத்தத்தில் ஒரு குறை இருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. அந்துருண்டை வாசம் பட்டால் அவர்களுக்கு இரத்த அணு உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரும். உயிருக்கே ஆபத்து. நல்லாத் துவைத்து வெயிலில் காயப்போட்ட பிறகும் அந்த வாசம் இருந்தால், அந்த வேட்டியைப் பிள்ளைக்கு எடுக்காதீர்கள். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கும்போது துவைக்கிற முறையையும் சொல்லிக் கொடுங்கள். மலம் பட்ட துணியை அலசிய தண்ணீர் கழிப்பறைக்குத்தான் போகணும், தெருவுக்கு இல்லை. பச்சைப் பிள்ளை மலத்திலும் நோய்க்கிருமி உண்டு. சோப்பு நுரை போக அலசி, வெயிலில் காயவைக்கணும்.

விற்கலாமா என்று சில குழுக்கள் கேட்டிருக்கிறீர்கள். விற்பதென்றால் புது மல் துணியில்தான். கஞ்சி போக இரண்டு முறை துவைத்து, சுருங்கிய பிறகு வெட்டுங்கள். பழைய துணி நமக்குள் கொடுத்துக்கொள்ள மட்டும்.

எங்கள் குழுவில் இதைச் செய்ய உட்கார்ந்தபோது ஒன்றைக் கவனித்தோம். வளைகாப்பு வீட்டில் வளையல் போட யாரைக் கூப்பிடுவது என்று முறை பார்ப்பார்கள். புருஷனை இழந்தவர்களும் பிள்ளை இல்லாதவர்களும் தாங்களாகவே பின்னால் போய் நின்றுகொள்வார்கள். துணி வெட்டவும் சுருட்டவும் யாரும் முறை வைக்கவில்லை. இந்தத் தாம்பாளத்தில் இருக்கிற 24 சுருளில் பாதிக்கு மேல் அவர்கள் சுருட்டியது. வாங்கிக்கொண்ட பெண்ணிடம் யார் யார் செய்தது என்று பேர் பேராகச் சொல்லித்தான் கொடுப்போம். இதுவரைக்கும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வரும் மாதத்தில் நம் கூட்டமைப்பில் நாலு பேருக்கு வளைகாப்பு இருக்கு. எட்டு வேட்டி வேணும். இருக்கிறவர்கள் துவைத்துக் காயவைத்து, அடுத்த சேமிப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. கத்திரிக்கோலும் தையல் மிஷினும் இங்கேயே இருக்கு.