மைலும் காலாவதியாகும்



அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-ல் மைல் திட்டத்தைத் தொடங்கியது. இன்று உங்களில் பலரிடம் அப்படியொரு அட்டை இருக்கும். பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருந்தால் நிச்சயம் இருக்கும்.

சர்வீஸில் அரசு டிக்கெட்டில் சேர்ந்த மைல்களை நான் சொந்தத்துக்குத் தொட்டதில்லை. ஓய்வுக்குப் பின் பெண்ணைப் பார்க்கப் போய்வந்ததில் சேர்ந்தவை மட்டுமே என்னுடையவை. ஆத்துக்காரியை விமானத்தில் காசிக்கு அழைத்துப்போக, அவற்றை டெபாசிட் மாதிரிப் பொத்தி வைத்திருந்தேன். டெபாசிட்டுக்கு வட்டி உண்டு. மைலுக்குக் கெடுதான் உண்டு. கெடு முடிந்த செய்தி மின்னஞ்சலில் வந்தது. (பேரன்தான் படித்துச் சொன்னான்.)

"ரயில் இருக்கே, விடுங்கோ" என்றாள். மும்பையிலிருந்து ஒரு நாளுக்கு மேல், முழங்கால் வலியோடு வந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

கெடுவைப் போலவே கம்பெனியின் ஆயுளையும் கவனிக்க வேண்டும். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது பலரிடம் மைல் இருந்தது, ஏற ஜெட் விமானம் இல்லை. மைல் கொடுத்து எடுக்கும் டிக்கெட்டுக்கும் வரியைப் பெரும்பாலும் ரொக்கமாகவே கேட்பார்கள். பல திட்டங்களில் உறுப்பினர் காலமானால் மைல் வாரிசுக்குப் போகாது. வீட்டுக்குப் போனதும் அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். மாமியிடமும் எங்கே போக ஆசை என்று கேளுங்கள்.