முதலில் நம் மலை, பிறகு தேசியப் பூங்கா
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடுமுறையில் பிள்ளைகளைத் தேசியப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துப் போகலாம் என்று இங்கே பேச்சு வந்திருக்கிறது. நல்ல யோசனைதான். தமிழ்நாட்டில் ஐந்து இருக்கின்றன: கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலையில் உள்ள இந்திரா காந்தி பூங்கா, மன்னார் வளைகுடா. எல்லாமே நமக்குத் தூரம். கல்வராயன் மலையோ கண்ணுக்கு எதிரே நிற்கிறது. அதற்குத் தேசியப் பூங்கா என்ற பலகை இல்லை. ஆனால் பாடம் அங்கேயும் அதே பாடம்தான். அதைப் படித்துவிட்டுப் பூங்காவுக்குப் போனால் பிள்ளைகளுக்கு அங்கே பார்ப்பது இன்னும் நன்றாகப் புரியும்.

நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கி வேலை. ஆகவே ஒரு கணக்காகவே சொல்கிறேன்.

முதல் வரவு, கல். கல்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அதன் பாறைகளில் முக்கியமானது சார்னக்கைட். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இதே வகைக் கல் இருந்தது. அதைக் கவனித்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அவர் பெயரையே இந்தக் கல்லுக்கு வைத்தார். அந்தக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது என்று சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், கல்லின் பெயர் மறக்காது.

இரண்டாவது வரவு, காடு. அடிவாரத்தில் முட்புதர், மேலே போகப் போக இலையுதிர் காடு, உச்சிப் பக்கம் ஈரமுள்ள பள்ளங்களில் சோலை. 100 மீட்டர் ஏறினால் வெப்பம் அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறையும். ஒரு வெப்பமானியைக் கையில் கொடுத்தால் பிள்ளைகளே எழுதி வைப்பார்கள். காடு ஏன் மாறுகிறது என்று அவர்களே கேட்பார்கள்.

மூன்றாவது வரவுதான் நம் வீட்டுக்கு வருவது: தண்ணீர். நம் ஊரின் அடியில் கடினப் பாறை. ஆற்றுமணல் போல அது நீரை உறிஞ்சாது. மேலே நொறுங்கிய பகுதியிலும் பாறை வெடிப்புகளிலும்தான் நீர் தங்கும். மழை ஓடிப்போகாமல் நின்று இறங்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது மலைமேல் இருக்கும் சருகும் வேரும். காடு போனால் மழை வந்த வேகத்தில் மண்ணையும் வாரிக்கொண்டு போய்விடும். அசலையே எடுத்துச் செலவு செய்த கணக்கு அது.

இதை நம் தோட்டத்திலேயே காட்டலாம். சரிவான வெறும் மண்ணில் ஒரு லிட்டர் தண்ணீர், சருகு மூடிய சரிவில் ஒரு லிட்டர் ஊற்றுங்கள். கீழே வழிந்து வரும் நீரின் அளவையும் நிறத்தையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

பிறகு கச்சிராயப்பாளையம் வழியாகக் கோமுகி அணைக்குப் போவோம். கல்வராயனில் பிறக்கும் கோமுகி மணிமுக்தாவோடு சேர்ந்து, மணிமுக்தா வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. பக்கத்தில்தான் பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காடு. மலைக்காட்டில் தொடங்கி அலையாத்திக் காட்டின் ஓரத்தில் முடியும் ஓர் ஆறு. இதைவிட நல்ல வரைபடப் பாடம் எங்கே கிடைக்கும்?

அமெரிக்காவில் 1872-ல் யெல்லோஸ்டோன் முதல் தேசியப் பூங்காவானது. இன்று அந்நாட்டுப் பூங்காக்களில் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு கொடுக்கிறார்கள். பார்த்ததை அதில் எழுதி நிரப்பிக் காட்டினால் ஒரு பேட்ஜ் கிடைக்கும். நாமும் ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுப்போம். பேட்ஜ் செலவு என்னுடையது.

சில நிபந்தனைகள் உண்டு. காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். மழை நாளில் அருவிப் பக்கம் போகக் கூடாது. பிளாஸ்டிக் கொண்டு போகக் கூடாது, ஒரு பூவும் பறிக்கக் கூடாது. அங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்களை வேடிக்கை பார்க்கப் போகவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி அழைத்துப் போக வேண்டும். சாமை எப்போது விதைப்பது, கடுக்காய் எப்போது பொறுக்குவது என்று அவர்களிடம் வணக்கம் சொல்லிக் கேட்டால், அதுவும் ஒரு வகுப்புதான்.

இன்று நம் பிள்ளைகள் காதில் கல்வராயன் என்ற பெயர் பெரும்பாலும் கள்ளச்சாராயச் செய்தியோடுதான் விழுகிறது. தாங்கள் குடிக்கும் தண்ணீரோடு சேர்த்து அந்தப் பெயரை அவர்கள் அறிய வேண்டாமா? மலையை அறியாத தலைமுறை அதற்காக வாய் திறந்து பேசாது.

கடைசியாக ஒன்று. 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மலைக்குப் போய்வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் மழைநீர்க் குழியைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டுவோம். அவர்கள் கேள்வி கேட்பார்கள். அதற்குமுன் அதைத் தூர்வாரி வைக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.